நான் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணிக்கொள்கிறேன் என்றால் வீட்டில் ஒப்பாரி. யாராவது அனுபவப்பட்டவர்கள் இருக்கிறீர்களா?

ரிக்காரன்:

வணக்கம். நேரில் கேட்கக்கூடிய ஆட்கள் எல்லாம் ஒன்று சிரிக்கிறார்கள், இல்லை பேச்சை மாற்றுகிறார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு 34 வயது. திருச்செங்கோடு பக்கம். போர் போடும் ரிக் வண்டியில் வேலை, வருஷத்தில் ஏழெட்டு மாதம் வெளி மாநிலத்தில்தான் இருப்பேன். மூத்தவள் யுகேஜி போகிறாள். அடுத்தது பையன், இப்போது ஐந்து மாதம். இரண்டும் சிசேரியன். பையன் எடை குறைவாகப் பிறந்து இன்குபேட்டரில் இருந்ததால், "குழந்தை தேறட்டும், குடும்பக் கட்டுப்பாடு அப்புறம் பண்ணிக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பையன் தேறிவிட்டான், குண்டாக இருக்கிறான். இப்போது வீட்டில் எல்லோரும் என் மனைவியை எப்போது கூட்டிப்போவது என்று நாள் பார்க்கிறார்கள்.

அவள் வயிற்றை ஏற்கெனவே இரண்டு முறை கிழித்துத் தைத்திருக்கிறது. இன்னமும் குனிந்து வாளி தூக்கும்போது ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்கிறாள். ஆணுக்கு அரை மணி நேர வேலைதான், தையல்கூடக் கிடையாது என்று பெரியாஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்தேன். சரி, நானே பண்ணிக்கொள்ளலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். இதில் புரட்சி எதுவும் இல்லை.

போன வாரம் இரவு சாப்பிடும்போது சொன்னேன். அம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றுவிட்டது, கல்லில் கிடந்த தோசை கருகி வாசம் வந்தபிறகுதான் திரும்பினார். "ஏஞ்சாமி, பாரம் தூக்கற ஒடம்பு, நரம்ப வெட்டிப்போட்டா அப்பறம் நீ எப்புடி வேலைக்குப் போவே?" என்றார். அதற்குக்கூட பதில் சொல்லியிருப்பேன். அடுத்து சொன்னார்: "நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ இன்னொரு கண்ணாலம் கட்ட வேண்டாமா?" என் மனைவி அதே அறையில் பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

இரவு அவளிடம் பேசினால் அவளும் வேண்டாம் என்கிறாள். "எனக்கே பண்ணிருங்க மாமா, உங்களுக்கு வேண்டாம்" என்று ஒரே பிடி. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். வண்டியில் கூட இருக்கும் பையன்களிடம் வாய் தவறிச் சொன்னேன், காளைக்குக் காயடிக்கிற கதையை ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று நாளாக என்னைப் பார்த்து "ம்மா" என்று கத்துகிறார்கள்.

கேள்வி இரண்டுதான். பண்ணிக்கொண்டவர்களால் கனமான வேலை பார்க்க முடிகிறதா? இரண்டாவது, யாரிடமும் சொல்லாமல் நானே போய்ப் பண்ணிக்கொண்டு வண்டி ஏறிவிட்டால் என்ன? இரண்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவேன், யாருக்குத் தெரியப்போகிறது?

*

பட்டறை:

நான் பண்ணிக்கொண்டவன். 2019. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், இரும்பு தூக்குகிற வேலைதான். அதனால் முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில்: முடியும். வெட்டுவது நரம்பு இல்லை, விந்தணு வருகிற குழாய். எங்கள் அம்மாவும் நரம்பு என்றுதான் சொன்னார், ஊரே அப்படித்தான் சொல்கிறது, அந்த ஒரு வார்த்தையிலேயே பாதிப் பேர் பயந்து ஓடிவிடுகிறார்கள்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். காலையில் முடி மழித்துவிட்டு வரச் சொன்னார்கள். படுக்கவைத்து மருந்து தடவும்போது ஜில்லென்று இருந்தது. மரத்துப்போக ஓர் ஊசி, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்றார்கள், பொய், குளவி. அதற்கப்புறம் வலி இல்லை, ஆனால் அடிவயிற்றிலிருந்து யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பது போல ஒரு சங்கடம், இரண்டு பக்கமும் ஒரு முறை. டாக்டர் என்னிடம் பருத்திக்கொட்டை விலை கேட்டுக்கொண்டிருந்தார் (எங்கள் வீட்டில் மாடு உண்டு). இருபது நிமிஷத்தில் எழுந்துவிட்டேன். பைக்கில் போகாதே என்று முன்பே சொல்லியிருந்தார்கள், பஸ்ஸில் வீடு வந்தேன்.

இரண்டு நாள் படுக்கை. இறுக்கமான ஜட்டி கட்டாயம். மூன்றாம் நாள் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது, பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டேன், அது பத்து நாளில் மங்கிவிட்டது. ஒரு வாரத்தில் பட்டறை திறந்தேன், பாரம் மட்டும் இன்னும் ஒரு வாரம் தம்பிதான் தூக்கினான். உங்களுக்கு ராடு தூக்குகிற வேலை என்றால் இரண்டு வாரம் லீவு போட்டுவிடுங்கள், வீம்பு வேண்டாம். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வலி மாதக்கணக்கில் நிற்கும் என்று டாக்டர் முன்பே சொன்னார், எனக்கு வரவில்லை, ஆனால் வராது என்று உங்களுக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

மற்ற விஷயம், எல்லோரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காதது. ஒன்றும் குறையவில்லை. மீசையும் உதிரவில்லை, குரலும் மாறவில்லை. ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் போகிறது, இந்தக் குழாயில் இல்லை. வெளியே வருகிற திரவத்தில்கூட விந்தணு நூற்றில் இரண்டு மூன்று பங்குதானாம், வித்தியாசமே தெரியாது. ஆனால் முதல் ஒன்றரை மாதம் எனக்கு மனதில் ஒரு தடை இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் படுத்தாலே "இப்ப சரியா நடக்குமா" என்று ஒரு பரீட்சை பயம். அது கத்தி கொடுத்த பிரச்சினை இல்லை, காளைமாட்டுக் கதை கொடுத்த பிரச்சினை.

*

சேலத்துக்காரன்:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். காலங்காலமாகப் பெண்கள்தான் செய்துகொள்கிறார்கள், ஒன்றும் ஆகிவிடவில்லை. சம்பாதிக்கிற உடம்பு உங்களுடையது. அதில் ஏதாவது ஒன்று ஆனால் நான்கு பேர் பட்டினி. மனைவியே தானே செய்துகொள்கிறேன் என்கிறார், அம்மாவும் வேண்டாம் என்கிறார், கூட்டிக்கொண்டுபோய் முடித்துவிட்டு வேலையைப் பாருங்கள். பெற்ற தாயை அழவைத்து சமத்துவம் காட்ட வேண்டுமா?

*

பட்டறை:

சம்பாதிக்கிற உடம்பு என்கிறீர்கள் சார். ஐந்து மாதக் குழந்தை, யுகேஜி பிள்ளை, மாமியார், மாடு கன்று எல்லாம் பார்க்கிற உடம்புக்கு ஒரு மாதம் லீவு யார் கொடுப்பார்கள்?

*

நர்சம்மா:

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். என் துணை சுகாதார நிலையத்து ரிஜிஸ்டரில் நான் கூட்டிப்போன பெண்கள் கணக்கு ஆயிரத்தைத் தாண்டும். ஆண்கள் எத்தனை பேர் தெரியுமா? பதினொன்று. அதில் இரண்டு பேர் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்து பீடி வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவர்கள், அவர்களைக் கழித்தால் ஒன்பது. புருஷன்மார்கள் வருவார்கள், கையெழுத்துப் போட வருவார்கள், படுக்க வர மாட்டார்கள். இத்தனைக்கும் அரசு விதிப்படி கருத்தடைக்குத் துணையின் சம்மதக் கையெழுத்து தேவையே இல்லை, ஆனால் பெண்ணுக்குப் புருஷன் கையெழுத்துக் கேட்காத ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை.

இது என் கிராமத்துக் கதை மட்டும் இல்லை. 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க, 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். புருஷன் செய்துகொண்ட வீடுகள் ஆயிரத்துக்கு மூன்று. நம் தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதிக்கும் மேல். கருத்தடை பெண்கள் சமாச்சாரம், நாங்கள் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஆண்கள் அதே கணக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். படித்தவர்கள்தானே நாம், மார்தட்டிக்கொள்கிறோம்.

சேலத்துத் தம்பி, பெண்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூரில் ஒரு முகாமில் 83 பெண்களுக்கு ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் செய்து, பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். நம் பக்கம் அவ்வளவு மோசம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெண்ணுக்கு வயிற்றைத் திறக்கணும், அதற்கு மயக்க மருந்து, அதிலும் இரண்டு சிசேரியன் ஆன வயிற்றில் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், எந்த டாக்டரும் கொஞ்சம் யோசித்துத்தான் கைவைப்பார். ஆணுக்கு இதெல்லாம் கிடையாது. சிசேரியன் போதே முடித்திருந்தால் வேறு பேச்சு. இப்போது தனியாக இன்னொரு முறை என்றால் இந்தத் தம்பி சொல்வதுதான் சரி.

அப்புறம் அம்மா சொன்ன அந்த இன்னொரு கல்யாணப் பேச்சு. இதை நான் நூறு வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட ஆண் வாயிலிருந்து கேட்டதில்லை. மாமியார், சில வீட்டில் பெண்ணைப் பெற்ற அம்மாவே சொல்வார். மகன் உடம்பை நெல் மூட்டை மாதிரிப் பத்திரம் பண்ணுவது, மருமகள் உடம்பு தீர்ந்தால் வேறு. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் அப்படித்தான் நடந்தது, அவர்கள் மாமியாரும் அதையேதான் சொன்னார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சொல்லாமல் போய்ச் செய்யவே கூடாது. உங்கள் மனைவி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆபரேஷன் ஆன அன்றே கருத்தடை ஆகிவிடாது. குழாயில் ஏற்கெனவே இருக்கிற விந்தணு காலியாக மூன்று மாதம் பிடிக்கும். அதுவரை ஆணுறை கட்டாயம், அதற்கப்புறம் விந்துப் பரிசோதனை செய்து ஒன்றுமே இல்லை என்று வந்தால்தான் சான்றிதழ் கொடுப்பார்கள். இதை ஆண்கள் செய்வதே இல்லை. என் ஒன்பது பேரில் ஒருவர், பெயரும் ஊரும் வேண்டாம், டெஸ்ட்டுக்கு வரவே இல்லை, உறையும் போடவில்லை. நான்காம் மாதம் அவர் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். மாமியார் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண் என் சென்டர் திண்ணையில் வந்து உட்கார்ந்தது, அழக்கூட இல்லை, முந்தானை நுனியை முறுக்கி முறுக்கி ஒரு நூலாக ஆக்கிவிட்டது. புருஷனுக்கு விவரம் தெரியும், நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் டெஸ்ட்டுக்குப் போகாதது தன் தப்பு என்று அம்மாவிடம் சொல்ல அந்த மனுஷனுக்கு இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாள் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இல்லாதவர். சொல்லாமல் செய்துகொண்டு போனால் இன்னும் மோசம், சொல்லிவிட்டுச் செய்து டெஸ்ட் பண்ணாமல் விட்டால் அதே கதை. எல்லாம் சரியாக முடிந்தவர்களுக்குக்கூட இரண்டாயிரத்தில் ஒருவருக்குக் குழாய் பின்னால் தானாகச் சேர்ந்துகொள்வது உண்டு. அதனால் அந்த ரிப்போர்ட் உங்களுக்கான காகிதம் இல்லை தம்பி, அவளுக்கான காகிதம். இதைச் சொல்லி அவளிடம் பேசிப்பாருங்கள்.

*

வாளி:

என் பெயரைப் பார்த்து யோசிக்கிறீர்களா, காரணம் இருக்கிறது. எங்கள் அப்பா மதுரையில் மூட்டை தூக்குகிறவர். 1976இல் செய்துகொண்டார், கொஞ்சம் பணமும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொடுத்தார்களாம். பச்சை நிற வாளி. நான் வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்வரை அந்த வாளியில்தான் குளித்தேன், தெருவில் அப்பாவுக்கு வாளி என்றே பட்டப்பெயர். (நான் ஏற்கெனவே பிறந்துவிட்டேன், கணக்குப் போடாதீர்கள்.) அப்பா அறுபது வயது வரை மூட்டை தூக்கினார், நூறு கிலோ மூட்டை.

ஆண்களுக்கு இந்தப் பயம் வெறும் அறியாமையால் மட்டும் வந்ததில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் ஆண்கள்தான் அதிகம் செய்துகொண்டார்கள். 1971இல் எர்ணாகுளத்தில் ஒரே மாத முகாமில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், திருவிழா மாதிரி நடந்ததாம். அப்புறம் எமர்ஜென்சி வந்தது. 1976-77இல் நாடு முழுக்க நடந்த 80 லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷனில் 62 லட்சம் ஆண்களுக்கு. வடக்கே பஸ்ஸை நிறுத்தி, ஊரைச் சுற்றி வளைத்து, சம்பளத்தை நிறுத்தி வைத்துச் செய்தார்கள். 1977 தேர்தலில் ஆட்சி போனதில் அதற்கும் பங்கு உண்டு. அதோடு எந்தக் கட்சிக்காரனும் ஆண்கள் பக்கம் திரும்பவில்லை. ஓட்டுப் போடுகிற ஆம்பளையைத் தொட்டால் ஆட்சி போகும் என்று ஒரு பாடம் படித்துக்கொண்டு, மொத்த இலக்கையும் பெண்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பெண்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள், ஆனால் அவர்கள் இதற்காகக் கோபப்பட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

அப்பாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாலு பிள்ளை ஆச்சு, அம்மாவுக்கு ரத்தசோகை, போனார், படுத்தார், வந்தார். கேலிக்கு அவர் கவலைப்பட்டதில்லை. "வாளி எப்படி இருக்கு" என்று கேட்டால் "ஓட்டை இல்லாம இருக்கு" என்பார்.

*

தெற்குத்தெரு:

நான் பெண். என் கணவர் மூன்று வருஷம் முன்பு செய்துகொண்டார். அதைப் பற்றி யாரும் எழுதாத இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன்.

ஊரில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் எனக்குத்தான். நான் மருந்து வைத்துவிட்டேன் என்று நாத்தனார் ஜோசியக்காரரிடமே போய்க் கேட்டு வந்தார். தண்ணீர் பிடிக்கப் போனால், "என்ன பாக்கியம், புருஷனையே படுக்க வெச்சுட்டா" என்று காதில் விழுகிற மாதிரி பேசுவார்கள். ஆம்பளை தானாகவே யோசித்து இதைச் செய்வான் என்று அவர்களால் நினைக்கவே முடியவில்லை, பின்னால் ஒரு ராட்சசி இருந்தே ஆக வேண்டும். உங்கள் மனைவி காரணம் சொல்லாமல் பயப்படுவது இதற்கும்தான் இருக்கும். அதனால் வீட்டில் நீங்களே வாயைத் திறந்து, நான் எடுத்த முடிவு, அவளுக்குச் சம்பந்தம் இல்லை என்று நாலு பேர் முன்னால் ஒரு தடவை சத்தமாகச் சொல்லிவிடுங்கள். என் கணவர் ஒரு வளைகாப்பில் சொன்னார், பந்தியே அமைதியாகிவிட்டது.

இன்னொன்று. நல்ல மனுஷன்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷத்துக்கு இன்னமும் வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார். "உனக்காக நான் ஆபரேஷனே பண்ணிக்கிட்டேன்" என்று ஆரம்பித்தால் அன்றைக்குப் பாத்திரம் நான்தான் கழுவுகிறேன் என்று அர்த்தம். சாப்பிட்ட தட்டை இன்றுவரை அவர் எடுத்து வைத்ததில்லை. ரிக்காரன் அண்ணா, நீங்கள் அப்படி ஆகிவிடாதீர்கள்.

*

சேலத்துக்காரன்:

மூன்று மாதம், டெஸ்ட் எல்லாம் எனக்குத் தெரியாது, போன உடனே முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் என் வீட்டில் இந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

ரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நர்சம்மா எழுதியதை மனைவிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு, குழந்தையப் பெத்துக்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவள் பயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, எட்டு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன்.

ஒத்துக்கொண்டாள், இரண்டு கண்டிஷன். டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கண்ணாடிக் காகிதம் ஒட்டி அவள் கையில் கொடுக்க வேண்டும், ரேஷன் கார்டு வைக்கிற பையில் அவளே வைத்துக்கொள்வாள். அப்புறம் அம்மாவிடம் நான்தான் பேச வேண்டும், அவளை இழுக்கக் கூடாது. பேசினேன். அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை, நான் கூப்பிட்டால் பேத்தியிடம் பதில் சொல்லி அனுப்புகிறார். அது ஓடட்டும். நவம்பர் கடைசியில் ஆண்களுக்கான முகாம் நடக்குமாம், அதில் பெயர் கொடுத்திருக்கிறேன். வண்டி முதலாளியிடம் ஹெர்னியா என்று பொய் சொல்லி இரண்டு வாரம் லீவு வாங்கிவிட்டேன், அது மட்டும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நர்சம்மாவிடம் ஒரு சந்தேகம். மூன்று மாதம் கழித்து நான் நாக்பூர் பக்கம் இருப்பேன். அங்கேயே ஏதாவது லேபில் டெஸ்ட் கொடுத்தால் நம் ஆஸ்பத்திரியில் ஏற்றுக்கொள்வார்களா, இல்லை ஊருக்கு வந்துதான் கொடுக்க வேண்டுமா?

*

நர்சம்மா:

ஊருக்கு வந்து, செய்த ஆஸ்பத்திரியிலேயே கொடுங்கள், சான்றிதழ் அங்கேதான் தருவார்கள். சாம்பிள் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் லேபில் இருக்கணும், வீட்டிலிருந்து டப்பாவில் போட்டு பஸ் ஏறி வரக் கூடாது. தள்ளிப்போனால் பரவாயில்லை, நான்காம் மாதம் வந்தாலும் சரி, அதுவரை உறை. அந்தப் பெண் குழந்தையைப் பெற்றுக்கொண்டாள் என்று வீட்டில் சொல்லுங்கள். பெண் குழந்தை, இப்போது பத்தாவது படிக்கிறது.